சம்பளம் குறைவு, நிரந்தரம் உண்டு: வேலை மாறுமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழி இருக்கிறது. கவர்ன்மென்ட் என்ற சொல் அந்த ஊர் வாயில் கோறணமேந்து ஆனது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய தொடர்மாடிகளிலும், பிள்ளை ஒன்று அரச போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்தது தெரிந்த அன்று இந்தப் பழமொழி ஏதோவொரு வடிவில் வீட்டுக்குள் வந்து விடுகிறது.

பிரச்சினை அதன்பிறகுதான். பிள்ளை சும்மா இருக்கவில்லை. கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 120,000 ரூபா எடுத்துக்கொண்டிருக்கிறது. அரச நியமனத்தில் கொடுப்பனவுகளும் சேர்த்து 75,000 ரூபாவைத் தொடாது. அம்மா "போ" என்கிறார். கூட வேலை செய்பவர்கள் "உனக்கென்ன விசரா" என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் தோன்றினாலும், அம்மா அறுபது வயதுக்குப் பிந்திய வருமானத்தைப் பற்றிப் பேசுகிறார், நண்பர்கள் இந்த மாதத்து வாடகையைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதற்குத் தேவையான விபரங்களைத் தொகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழமொழி எங்கிருந்து வந்தது

பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்து மண் பலரைத் தாங்கவில்லை. மிஷன் பாடசாலைகளின் ஆங்கிலம் தாங்கியது. அந்த ஆங்கிலத்தோடு கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவின் ரயில்வேக்கும் போனவர்கள் மாதாமாதம் ஊருக்குக் காசோலையும் மணியோடரும் அனுப்பினார்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய "மலாயன் பென்சனியர்" ஒரு தனி வகுப்பாகவே மதிக்கப்பட்டார். வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் தமிழர் குடியிருப்புகளாக வளர்ந்ததில், கரையோர ரயிலில் கோட்டைக்குப் போய்வந்த அரச எழுதுவினைஞர்களுக்குப் பெரிய பங்குண்டு.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. அது துறைமுகத்தின் பின்புறம். 1958 இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் உருவாகும்வரை, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை தனியார் கொம்பனிகளின் கையில் இருந்தது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. 1979 இல் இலங்கைத் துறைமுக அதிகாரசபை அமைக்கப்பட்டபோது அந்தக் கூட்டுத்தாபனமும் அதனோடு இணைந்தது. நாட்கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு நகர்ந்த ஒரு குடும்பத்துக்கு "நிரந்தரம்" என்ற சொல் தரும் அர்த்தத்தை, மூன்று தலைமுறையாக மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அரச வேலையின் நிரந்தரமும் தமிழருக்கு எப்போதும் நிபந்தனையோடுதான் வந்தது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாதவர்களின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. நிறைவேற்று எழுதுவினைஞர் சேவையில் இருந்த செல்லையா கோடீஸ்வரன் என்பவருக்கு 1962 ஏப்ரலில் வரவேண்டிய சம்பள ஏற்றம் அப்படித்தான் மறுக்கப்பட்டது. அவர் அரசுக்கு எதிராக வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் ஒருவர் தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று கூறி அதைக் கவிழ்த்தது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்காட முடியும் என்று சொல்லி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற மூலக் கேள்வியைத் திரும்ப இலங்கைக்கே அனுப்பியது. அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இறுதிவரை விடை சொல்லவில்லை. ஒரு சம்பள ஏற்றத்துக்காக ஏழு வருடத்துக்கு மேல் நடந்த வழக்கு அது.

மொழி மட்டுமல்ல. 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தில் பங்குபற்றிய சுமார் 40,000 பேரை அன்றைய ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் வேலையை விட்டு விலகியவர்களாகக் கருதி வீட்டுக்கு அனுப்பியது. "கவர்ன்மென்ட் வேலையை யாரும் பறிக்க முடியாது" என்று சொல்பவர்கள் இந்த ஆண்டை மறந்து விடுகிறார்கள்.

மறுபக்கத்தில் 1983 இருக்கிறது. அந்த ஜூலையில் வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தமிழ்க் கடைகள் எரிந்தன. கடையில் வேலை செய்தவருக்கும் கடை முதலாளிக்கும் ஒரே நாளில் வருமானம் போனது. சம்பளமும் ஓய்வூதியமும் திறைசேரியிலிருந்து வந்தவர்களுக்கு, வீடு எரிந்தாலும், அடுத்த மாதம் ஒரு தொகை வந்தது. பின்னர் போர்க்காலத்தில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலும் கச்சேரிகள், பாடசாலைகள், வைத்தியசாலைகள் அரச சம்பளத்தில்தான் இயங்கின. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அரச வேலை மீது வைத்திருக்கும் பற்றை வெறும் பழைமைவாதம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. அவர்கள் கண்ணால் கண்டதை வைத்துப் பேசுகிறார்கள்.

எந்த அரச வேலை?

"கவர்ன்மென்ட்" என்று ஒரே சொல்லால் சொல்வதற்குள் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, ஓய்வூதியமுள்ள பொதுச் சேவை: பிரதேச செயலகங்கள், திணைக்களங்கள், அமைச்சுகள், பாடசாலைகள், வைத்தியசாலைகள். இங்கே ஊழியர் சேமலாப நிதி இல்லை, அதற்குப் பதில் ஓய்வூதியம். இரண்டாவது, கூட்டுத்தாபனங்களும் நியதிச்சட்ட சபைகளும். இவற்றில் பெரும்பாலானவற்றில் ஓய்வூதியம் கிடையாது. தனியார் துறையைப் போலவே சேமலாப நிதிதான். மூன்றாவது, அரசுக்குச் சொந்தமான கம்பனிகள். இவற்றின் நிரந்தரம் அரசின் கொள்கையைப் பொறுத்தது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழி செய்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே இருபது வருடம் முன்பு சேர்ந்தவர் இப்படியொரு நாள் வரும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

எனவே நியமனக் கடிதம் கையில் வந்தால் முதலில் தேட வேண்டியது "நிரந்தரமானதும் ஓய்வூதிய உரித்துடையதும்" என்ற வரியைத்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2016 ஜனவரி 1 ஆம் திகதிக்குப் பிறகு சேர்ந்த பலரின் கடிதங்களில், ஓய்வூதியம் பங்களிப்பு முறையில் அமையும், அதாவது ஊழியரும் மாதாமாதம் பணம் செலுத்த வேண்டும் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடின. உங்கள் கடிதத்தில் அந்த வாசகம் இருக்கிறதா, இருந்தால் இப்போது அது எப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது என்பதை ஓய்வூதியத் திணைக்களத்திலேயே கேட்டறிவது நல்லது. "அது சும்மா போட்டிருக்கிறாங்கள்" என்ற கந்தோர்ப் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

சேர்ந்தவுடன் எல்லாம் நிரந்தரமாகி விடுவதுமில்லை. பொதுவாக மூன்று வருடத் தகுதிகாண் காலம், பிறகு வினைத்திறன் தடைப் பரீட்சை, அதோடு இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி. 1962 இன் கதை போலல்ல இது. இன்று சிங்கள உத்தியோகத்தர் தமிழும், தமிழ் உத்தியோகத்தர் சிங்களமும் சித்தியடைய வேண்டும் என்று விதி இருபக்கமும் பொருந்துகிறது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவருக்குப் பேச்சுச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துப் பரீட்சை வேறு விடயம் என்பதை அவர்களும் பலமுறை எழுதித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

2020 இல் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளுக்கு அரச நியமனம் கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் மாதம் 20,000 ரூபா. வெளியில் அதைவிடக் கூடச் சம்பாதித்த பலர் அதை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் நடந்தது அவர்களின் தெரிவை இரு பக்கமும் சோதித்தது.

2020 உம் 2022 உம் சொன்ன பாடங்கள் ஒன்றல்ல

கொரோனா முடக்கத்தில் அரச ஊழியருக்குச் சம்பளம் முழுதாக வந்தது. தனியார் துறைக்கு 2020 மே மாதத்தில் அரசு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்தன: வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இதில் எது கூடவோ அது. அதுவும் எழுத்தில் பதிந்த ஊழியருக்கு. செட்டியார் தெரு நகைப் பட்டறைகளிலும் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலும் பதிவில்லாமல் நின்றவர்களை அந்த உடன்பாடு எட்டவில்லை. அந்த ஆண்டில் கேட்டிருந்தால் யாரும் அரச வேலையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

2022 வேறு மாதிரியான ஆண்டு. ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஆண்டின் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். உணவுக்கு மட்டும் பார்த்தால் 90 ஐத் தாண்டியது. அரச ஊழியரின் சம்பளம் ஒரு மாதமும் நிற்கவில்லை. ஆனால் அதன் பெறுமதி உருகியது. அந்த ஜனவரியில் கொடுக்கப்பட்ட 5,000 ரூபா கொடுப்பனவு வெங்காயத்துக்கும் எரிவாயுவுக்கும் போனது. அடுத்த பெரிய உயர்வு, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 7,800 இலிருந்து 17,800 ஆனது, 2024 இல்தான் வந்தது. அதே வேளையில் டொலரில் உழைத்த மென்பொருள் நிறுவனங்களும் கப்பல் முகவர்களும் தங்கள் ஆட்களை இழக்காதிருக்கச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தன.

2022 ஜூனில் அரசாங்கமே ஒரு சுற்றறிக்கை மூலம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாமல் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வேறு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகலாம் என்று தன் ஊழியருக்கு அனுமதி கொடுத்தது. இதை நான் ஒரு விநோதமான ஆவணமாகவே பார்க்கிறேன். உனக்குச் சம்பளம் தர எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உன் கதிரை உனக்குத்தான் என்று ஒரு முதலாளி எழுதிக் கொடுத்தது போன்றது. எந்தத் தனியார் நிறுவனமும் அப்படி எழுதித் தராது.

சேமலாப நிதியில் இருந்தவர்களுக்கும் 2022 நல்ல ஆண்டாக இருக்கவில்லை. அந்த ஆண்டு அங்கத்தவர் கணக்குகளுக்கு 9 சதவீத வட்டி கிடைத்தது. விலைவாசியோடு ஒப்பிட்டால் பாதுகாப்பாகப் போட்டுவைத்த பணம் அந்த ஒரு வருடத்தில் பெரிதாகச் சுருங்கியது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, வங்கிகளின் கையிலிருந்த முறிகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் குறைந்த வட்டியுள்ள புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாறாவிட்டால் வரி 14 இலிருந்து 30 சதவீதமாகும் என்ற நிபந்தனையோடு. அங்கத்தவரை யாரும் கேட்கவில்லை.

தனியார் துறையில் உள்ள பாதுகாப்பு

நிரந்தரம் அரசில் மட்டும் இருக்கிறது என்ற எண்ணமும் சரியல்ல. இலங்கையின் தொழிற் சட்டங்கள் காகிதத்தில் பலமானவை. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க ஊழியர் வேலை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் சேவைக் காலத்தை வைத்து நட்டஈடு கணிக்கப்படும். அதன் உச்ச எல்லை 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

ஆனால் இந்தச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தும், அதுவும் முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு. வெள்ளவத்தையின் புடவைக் கடை, பயண முகவர் நிலையம், கணக்காளர் அலுவலகம், தனியார் கல்வி நிலையம் என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை இடங்களில் 15 பேர் பதிவில் இருக்கிறார்கள்? அதற்குக் குறைந்த இடத்தில் வேலை செய்பவர் நியாயமின்றி நிறுத்தப்பட்டால் தொழில் நியாயசபைக்குப் போகலாம். விண்ணப்பிக்கக் காலக்கெடு இருப்பதால் தாமதிக்கக் கூடாது.

பணிக்கொடைக்கும் இதே 15 பேர் எல்லை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தியானவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். நாலே முக்கால் வருடத்தில் வேலை மாறுபவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சேமலாப நிதிக்கு ஆள் எண்ணிக்கை எல்லை இல்லை. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் முதலாளி 12, ஊழியர் 8 சதவீதம் செலுத்த வேண்டும் என்பது சட்டம். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். இங்கேதான் பெரிய ஓட்டை. 120,000 சம்பளம் என்று பேசிவிட்டு, 60,000 ஐ "அடிப்படை" என்றும் மிகுதியைக் கொடுப்பனவு என்றும் பிரித்து, அடிப்படைக்கு மட்டும் நிதி கட்டும் நிறுவனங்கள் கொழும்பில் ஏராளம். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, உணவுக் கொடுப்பனவு, தரகுப் பணம் போன்றவையும் நிதிக்குரிய உழைப்பாகவே சட்டத்தில் சேர்கின்றன. மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. உங்கள் சம்பளச் சீட்டில் இந்தப் பிரிப்பைப் பாருங்கள். பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பதை மத்திய வங்கியின் கணக்குக் கூற்றில் பாருங்கள். கட்டப்படவில்லை என்றால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

என்னைப் போல் சுதந்திரமாக எழுதிப் பிழைப்பவர்களுக்கு இதில் எதுவுமே இல்லை.

காசுக் கணக்கு

இனி அந்தத் தாளை எடுப்போம். 31 வயதுப் பெண் ஒருவர், கப்பல் சரக்கு முகவர் நிலையமொன்றில் கணக்குப் பிரிவில் 120,000 ரூபா என்று வைப்போம். முழுத் தொகைக்கும் நிதி கட்டப்படுகிறது. அரச நியமனம்: அடிப்படை 55,000, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800. இவை உதாரண எண்கள், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். விலைவாசி ஏற்றத்தை நீக்கி, எல்லாம் இன்றைய ரூபாவில், இரு பக்கமும் சம்பளம் விலைவாசி அளவுக்கு மட்டும் ஏறுவதாக எடுக்கிறேன்.

தனியாரில் 8 சதவீதம் கழிந்து கையில் 110,400. அவர் பெயரில் நிதிகளில் சேர்வது 9,600 உம் 14,400 உம் 3,600 உம், மொத்தம் 27,600. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரை வருமான வரி இல்லாததால் வரி பூச்சியம். அரசில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு போகக் கையில் ஏறத்தாழ 70,000. ஆக மாதம் 40,000 ரூபா கையில் குறையும். நிதியில் 27,600 நின்றுவிடும்.

அறுபது வயதுவரை 29 வருடம். நிதியில் சேர்வது 96 இலட்சம். பணிக்கொடை 17 இலட்சம் அளவில். கையில் கூடுதலாக வந்த 40,000 ஐ ஒரு சதமும் செலவழிக்காமல் வைத்தால் சுமார் 1 கோடி 40 இலட்சம். மொத்தம் இரண்டரைக் கோடி. அரச பக்கத்தில், மாதம் 60,000 ரூபா ஓய்வூதியம் இருபது வருடம் கிடைத்தால் 1 கோடி 44 இலட்சம்; தொடக்கத்தில் தரும் பணிக்கொடையால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, இடையில் எதுவும் நடக்காவிட்டால் தனியார் பக்கம் ஏறத்தாழ ஒரு கோடி கூட.

அந்த "எதுவும் நடக்காவிட்டால்" என்பதுதான் விலை. தனியாரில் ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தால் நிதியையும் சேர்த்து 16 இலட்சத்துக்கு மேல் போகும். அந்த ஒரு கோடி, ஆறு வருட வேலையின்மைக்குச் சமம். 29 வருடத்தில், ஐம்பது வயதுக்குப் பிறகு வேலை தேடும் நிலையையும் சேர்த்து, மொத்தம் ஆறு வருடம் வெறுமையாகும் என்று நீங்கள் எண்ணினால் இரண்டும் சமன். நிதி 60,000 க்கு மட்டுமே கட்டப்பட்டால், முதலாளி தராமல் விடும் பங்கு மட்டும் 31 இலட்சம்; ஆறு வருடம் நாலாகச் சுருங்கி விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் வரும் 40,000 ஐச் சேமிக்க வேண்டும். வெள்ளவத்தையில் வாடகை கொடுத்து, பிள்ளையைச் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்பி அதை யார் சேமிக்கிறார்கள்? ஓய்வூதியம் என்பது ஒருவிதத்தில் கட்டாயச் சேமிப்பு. சேமிக்கத் தெரியாதவருக்கு அதன் பெறுமதி கணக்கில் வருவதைவிடக் கூட.

மறுபக்கத்திலும் ஒரு ஓட்டை உண்டு. ஓய்வூதியம் விலைவாசியோடு தானாக ஏறுவதில்லை. அரசு நினைக்கும்போது ஏறும். 2020 ஜனவரிக்கு முன் ஓய்வு பெற்றவர்கள், அதே பதவியிலிருந்து பின்னர் ஓய்வு பெற்றவர்களைவிடக் குறைவாக எடுத்துப் பல வருடம் முறையிட்டு நின்றார்கள். பத்து வருடச் சேவைக்கு முன் விலகினால் ஓய்வூதியமே இல்லை.

சம்பள இடைவெளியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2025 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டது. முழு உயர்வும் 2027 வரை கட்டங்கட்டமாக வருகிறது. தனியாரில் சட்டபூர்வ ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. அடிமட்டத்தில் அரச வேலை இப்போது சம்பளத்திலும் முந்தி நிற்கிறது. ஆகவே "சம்பளம் குறைந்த நிரந்தர வேலை" என்ற கேள்வி படித்த, நடுத்தரச் சம்பளக்காரரின் கேள்வி. புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பையனுக்கு அரச சிற்றூழியர் வேலை கிடைத்தால் யோசிக்க என்ன இருக்கிறது?

தாளில் ஏறாதவை

அடம் சிமித் 1776 இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மேசன் வேலை பனிக்காலத்தில் நின்றுவிடும். எனவே வேலை உள்ள நாட்களில் அவர் வாங்கும் கூலி, வேலையில்லாத நாட்களுக்கும் அந்த நாட்களின் கவலைக்கும் சேர்த்தே என்றார் அவர். கவலைக்கும் ஒரு விலை உண்டு என்பதை அவர் விட்டுவிடவில்லை. 2022 இல் வெள்ளவத்தையில் பாதியில் நின்ற தொடர்மாடிக் கட்டிடங்களின் மேசன் பாஸ்மாருக்கு அந்தக் கூலிக்குள் கவலைப் பணம் சேர்க்கப்படவில்லை என்பது வேறு கதை.

தனிநபராக இந்தக் கேள்வியைக் கேட்பதே தவறு என்பது என் எண்ணம். வீட்டில் இன்னொருவருடைய வருமானம் என்ன வகை என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கணவர் சொந்தத் தொழில் செய்தால் மனைவியின் அரச சம்பளம் 40,000 ரூபா நட்டமல்ல, குடும்பத்தின் காப்புறுதி. இருவரும் அரச ஊழியர் என்றால் 2022 போன்ற ஆண்டில் இருவரின் சம்பளமும் ஒன்றாக உருகும். கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் இதைப் பெயர் சொல்லாமல் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கின்றன: ஒரு பிள்ளை கச்சேரியில், ஒன்று கடையில், ஒன்று கனடாவில். ஒரே உழைப்பாளியாக, வாடகை வீட்டில், வயதான பெற்றோருடன் இருப்பவருக்கு நான் நிரந்தரத்தையே சொல்வேன். 26 வயதில், பெற்றோர் வீட்டில், கைத்தொழில் வளர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்குச் சொல்ல மாட்டேன்.

பெண்களுக்குக் கணக்கு மேலும் மாறும். பிரசவ விடுமுறை இரு துறையிலும் 84 நாட்கள் முழுச் சம்பளத்துடன். அரசில் அதன்பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்திலும், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம், கதிரை காத்திருக்கும். சாதாரண விடுமுறையிலும் வித்தியாசம் பெரிது: கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஆண்டுக்கு 14 உம் 7 உம், அரசில் 24 உம் 21 உம். குறைந்த வட்டி இடர்கடன், அக்ரஹார மருத்துவக் காப்புறுதி, யாழ்ப்பாணத்துக்குப் போய்வர ரயில் ஆணைச்சீட்டு என்று சில்லறை நன்மைகளும் உண்டு. இவற்றுக்கு எதிரே இடமாற்றம். நாடளாவிய சேவை என்றால் முதல் நியமனம் மொனராகலையிலோ மன்னாரிலோ விழலாம். அங்கே தனியறை வாடகையும் வார இறுதிப் பேருந்தும் சேர்ந்தால் 70,000 என்பது 50,000 தான். நியமனம் எந்தச் சேவையில், இடமாற்றக் கொள்கை என்ன என்று கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஒரு காலத்தில் வெள்ளவத்தையில் "நிரந்தர வேலை" என்றால் நூற்பு நெசவு ஆலையும் ஒன்று. நாட்டின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றாக இருந்த அதன் நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கின்றன.

முடிவெடுத்த பிறகு

அரச வேலைக்குப் போவதென்று தீர்மானித்தால், நியமனக் கடிதம் கையில் கிடைத்துத் திகதி உறுதியாகும்வரை பதவி விலகல் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம். பெயர்ப் பட்டியல் வெளியானதற்கும் நியமனத்துக்கும் இடையில் மாதங்கள் ஓடலாம். விலகும்போது சேவைச் சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். ஐந்து வருடம் பூர்த்தியாகியிருந்தால் பணிக்கொடையை 30 நாட்களுக்குள் நிறுவனம் தர வேண்டும், தாமதித்தால் மேலதிகமாக அறவிடப்படும். பொதுவாகச் சேமலாப நிதியை ஆண்கள் 55, பெண்கள் 50 வயதில்தான் எடுக்கலாம் என்றாலும், ஓய்வூதியமுள்ள நிரந்தர அரச பதவிக்குச் செல்பவர் அதற்கு முன்பே மீளப்பெற விண்ணப்பிக்க முடியும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை மாறும்போது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். தனியாரிலேயே இருப்பதென்று தீர்மானித்தவர், பத்து வருடம் நிதி கட்டியிருந்து கணக்கில் 300,000 ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ மிகுதியில் 30 சதவீதம்வரை இப்போதே பெறலாம். இரு தரப்பினரும் நிதி அங்கத்துவ இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் பெயரும் எல்லாப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்படுவதால், நாரஹேன்பிட்டியில் எங்கள் ஆட்கள் சத்தியக் கடதாசியோடு வரிசையில் நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.